எண்ணிப் பார்த்துவிட்டுக் கட்டுவோம்

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரை. பேசியபடியே, சிறு திருத்தங்களுடன்.)



சாப்பாட்டுக்குப் பிறகு பேசுகிறவனுக்கு இரண்டே கடமை. ஒன்று, சத்தமாகப் பேசுவது. மற்றொன்று, சீக்கிரம் முடிப்பது. அதிலும் இன்றைக்குப் பாயசத்தோடு சாப்பாடு. நம் ஹாஸ்டல் மெஸ்ஸில் மூன்று வருஷம் சாம்பாரில் பருப்பைத் தேடினவங்களுக்கு இப்படி ஒரு விருந்து வைத்துவிட்டு, அதற்கு மேல் ஒரு பேச்சையும் வைத்த செயலாளரின் துணிச்சலைப் பாராட்டுகிறேன்.

"நகரத்தில் பல்லுயிர்ப் பாதுகாப்புக்கு ஆராய்ச்சி எப்படித் துணை செய்யும்?" இதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. செயலாளர் போனில் சொன்னபோது, "சார், ஏதாவது பொதுவா, நம்ம ஆளுங்களுக்குப் புரியற மாதிரி பேசுங்க" என்றார். பொதுவாகத்தான் பேசலாம் என்று வந்தேன். ஆனால் காலையில் வாசலில், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிற புதிய அரங்கத்தின் அட்டை மாதிரியைப் பார்த்தேன். அதற்குப் பிறகு பொதுவாகப் பேச முடியவில்லை. அந்த விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் ஒரு சின்னக் கேள்வி. காட்டு உயிர் என்றால் நமக்கு முதுமலையும் களக்காடும்தான் ஞாபகம் வருகிறது. சென்னைக்கு என்ன இருக்கிறது? ஊருக்கு நடுவில், ஆளுநர் மாளிகையை ஒட்டி, சுமார் 270 ஹெக்டேரில் கிண்டித் தேசியப் பூங்கா இருக்கிறது. 1978இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. புள்ளிமானும் வெளிமானும் அங்கே திரிகின்றன. அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரம் இருக்கிறது. தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் இருக்கிறது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை இரவில் கடலாமை கரையேறி முட்டையிடுகிற கடற்கரை இருக்கிறது, நாம் சுண்டல் சாப்பிடுகிற அதே கடற்கரைதான். இவ்வளவும் ஒரு பெருநகரத்துக்குள் இருப்பது சாதாரண விஷயமில்லை.

இவை இன்னும் இருப்பதற்குப் பல காரணங்கள் உண்டு. சட்டம், போராட்டம், நீதிமன்றம், சில நல்ல அதிகாரிகள். ஆனால் இவை ஒவ்வொன்றுக்கும் அடியில், யாரோ ஒருவர் பொறுமையாக எண்ணி எழுதி வைத்த ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. நான் இன்று சொல்ல வந்தது அந்த நோட்டுப் புத்தகத்தைப் பற்றித்தான்.

அதற்கு முன்னால் ஒரு தவறை ஒப்புக்கொள்ள வேண்டும். இதை எந்த மேடையிலும் சொன்னதில்லை. வீட்டு ஆட்கள் நீங்கள், சொல்லலாம்.

1994இல் நம் நாட்டில் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு சட்டப்படி கட்டாயமானது. பெரிய திட்டம் எதுவானாலும், அதனால் மண்ணுக்கும் நீருக்கும் உயிர்களுக்கும் என்ன ஆகும் என்று முன்கூட்டியே ஆய்வு செய்து அறிக்கை தர வேண்டும். நல்ல ஏற்பாடு. அதனால் என்னைப் போன்ற விலங்கியல் பட்டதாரிகளுக்கும் திடீரென்று வேலை கிடைத்தது. அப்படி ஒரு ஆலோசனை நிறுவனத்தில் நானும் சேர்ந்தேன். ஒரு சாலைத் திட்டம். அது ஓர் ஏரியின் ஓரமாகப் போகிறது. "போய்ப் பார்த்துட்டு வந்து விலங்கினப் பகுதியை எழுதிடுப்பா, வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் போகணும்" என்றார்கள்.

நான் போனது மே மாதம். ஏரியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. வெடித்த களிமண். பத்துப் பதினைந்து ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரு கரிச்சான், நாலு மைனா, ஒரு மடையான். ஒரு மணி நேரம் சுற்றினேன், இளநீர் குடித்தேன், திரும்பி வந்து எழுதினேன்: "இப்பகுதியில் குறிப்பிடத்தக்க விலங்கினம் ஏதும் காணப்படவில்லை."

அந்த வாக்கியத்தில் ஒரு பொய்யும் இல்லை, கவனியுங்கள். நான் பார்த்ததைத்தான் எழுதினேன்.

அடுத்த ஜனவரியில் வேறு வேலையாக அந்த வழியே பஸ்ஸில் போனேன். ஏரி நிறைந்து கிடந்தது. ஊசிவால் வாத்துகளும் நாமக்கோழிகளும் நீரே தெரியாத அளவுக்கு மிதந்தன. கரையோரம் உள்ளான்கள் ஓடிக்கொண்டிருந்தன. மஞ்சள்மூக்கு நாரைகள் முழங்கால் தண்ணீரில் நின்று மீன் துழாவிக்கொண்டிருந்தன. பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டேன். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். அதற்குள் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்து, கரையோரம் கல் நட்டுவிட்டார்கள். சாலை வந்தது. ஏரியின் ஒரு கை துண்டாகிப் போனது.

என் அறிக்கை இல்லாவிட்டாலும் சாலை வந்திருக்கலாம். வராமலும் இருந்திருக்கலாம், பத்தடி தள்ளிப் போயிருக்கலாம். அது எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கோப்பில் என் கையெழுத்து இருக்கிறது. மூன்று வருஷம் இந்தக் கல்லூரியில் விலங்கியல் படித்தவன், வடகிழக்குப் பருவமழையை நம்பி நிரம்புகிற ஏரியை மே மாதத்தில் போய்ப் பார்த்து, "ஒன்றும் இல்லை" என்று எழுதினான்.

ஆகவே, ஆராய்ச்சி எப்போதுமே உயிர்களுக்குத் துணை செய்யும் என்று நான் சொல்லமாட்டேன். அவசர ஆராய்ச்சி எதிரிக்குத் துணை செய்யும். தண்ணீர் வருகிற காலம், வற்றுகிற காலம், வலசைப் பறவை வருகிற காலம், தவளை கத்துகிற காலம், எல்லாவற்றையும் பார்க்க ஒரு முழு வருஷம் வேண்டும். இதுதான் நான் கற்ற முதல் பாடம்.

இப்போது நல்ல செய்திக்கு வருவோம்.

பள்ளிக்கரணையை எடுத்துக்கொள்ளுங்கள். கழுவெளி என்று நம் முன்னோர் சொன்ன நிலம். மழைக்காலத்தில் நீர் பரவி நின்று, மெல்ல வடிகிற தாழ்நிலம். சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்கிற மழை, முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளில் நிறைந்து வழிந்து, கடைசியில் இங்கே வந்து சேருகிறது. இங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேருகிறது. 1960களில் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் இருந்ததாகக் கணக்கு. ஒரு பக்கம் குப்பை மேடு, ஒரு பக்கம் சாலை, ரயில் பாதை, நிறுவனங்கள், குடியிருப்புகள் என்று சுருங்கிச் சுருங்கி, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம் என்கிற நிலை.

அரசுக் கோப்புகளில் அதற்கு மதிப்பே இல்லை. யாருக்கும் பயன்படாத நிலம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். பயன்படாத நிலத்தில் குப்பை கொட்டினால் என்ன என்று கேட்டால் யாரால் பதில் சொல்ல முடியும்? அழகாக இருக்கிறது, பறவை வருகிறது என்று சொன்னால் அதிகாரி சிரிப்பார்.

2002, 2003 வாக்கில் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்காகக் கேர் எர்த் என்ற அமைப்பு அங்கே ஆய்வு செய்தது. ஜெயஸ்ரீ வெங்கடேசனும் அவருடைய குழுவினரும் அந்தச் சேற்றில் இறங்கி, என்னென்ன செடி, என்னென்ன மீன், என்னென்ன பறவை என்று எண்ணினார்கள். எண்ணியதோடு நிற்கவில்லை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, எங்கே அடைபடுகிறது என்பதையும் பார்த்தார்கள். "இது வீண் நிலம் இல்லை, தென் சென்னையின் வெள்ளத்தை வாங்கிக்கொள்கிற பாத்திரம்" என்று சொல்வதற்குக் கையில் ஆதாரம் வந்தது. சுற்றிலும் குடியிருந்த மக்களும் புகையும் குப்பையும் தாங்காமல் குரல் கொடுத்தார்கள். குரலுக்குப் பின்னால் கணக்கு இருந்ததால் அது கேட்டது. 2007இல் 317 ஹெக்டேர் வனத்துறையிடம் ஒப்படைக்கப்பட்டுக் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் சுமார் 1,247 ஹெக்டேர் பரப்புக்கு ராம்சர் தகுதி கிடைத்தது, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற அங்கீகாரம்.

கதை அங்கே முடியவில்லை. அந்த ராம்சர் பரப்பின் எல்லை தரையில் எங்கே ஓடுகிறது, அதைச் சுற்றி எவ்வளவு தூரம் வரை கட்டடம் கூடாது என்ற கேள்வி வந்தது. அதை அறிவியல் முறையில் வரையறுத்து முடிக்கும் வரை அங்கே கட்டுமான அனுமதி தரக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2025இல் சொன்னது. பாருங்கள், கடைசியில் எல்லாரும் வந்து நிற்கிற இடம் ஆய்வாளரின் மேஜைதான். நீதிபதி கேட்பது அபிப்பிராயத்தை அல்ல, அளவை.

அடுத்து கடற்கரைக்கு வாருங்கள். இங்கே உட்கார்ந்திருக்கிற மாணவர்கள் இதை முக்கியமாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் இது உங்கள் வயதுக்காரர்கள் செய்த வேலை.

ஆலிவ் ரிட்லி என்ற கடலாமையை நம் மீனவர்கள் பங்குனி ஆமை என்பார்கள். இரவில் கரையேறி, மணலில் குழி தோண்டி நூறு முட்டைக்கு மேல் இட்டுவிட்டு, குழியை மூடிவிட்டுத் திரும்பிப் போகும். 45 முதல் 60 நாளில் குஞ்சு பொரிக்கும். இருட்டில் வெளிச்சமாகத் தெரிகிற பக்கம் கடல் என்பது குஞ்சுகளின் கணக்கு. கோடானு கோடி ஆண்டுகளாக அது சரியான கணக்கு. நாம் கடற்கரைச் சாலையில் விளக்குப் போட்டோம், கணக்குத் தப்பிவிட்டது. குஞ்சுகள் சாலையை நோக்கி நடந்தன.

1988 முதல் மாணவர்கள் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு என்று ஒரு குழு, ஆண்டுதோறும் அந்தப் பருவத்தில் இரவு இரவாகச் சென்னைக் கடற்கரையில் நடக்கிறது. முட்டைகளை நாய்க்கும் ஆளுக்கும் முன்னால் கண்டெடுத்து, பெசன்ட் நகர் பக்கம் வேலி கட்டிய பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைத்து, பொரித்த குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். இது சேவை, எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதோடு அவர்கள் செய்கிற இன்னொரு வேலை பலருக்குத் தெரியாது. எந்த இரவு, எந்த இடம், எத்தனை முட்டை, கரை ஒதுங்கிய செத்த ஆமை எத்தனை, எல்லாவற்றையும் எழுதுகிறார்கள். வருகிற மாணவர்கள் மாறுகிறார்கள், படித்து முடித்துப் போகிறார்கள், கல்யாணம் ஆகிறது, அமெரிக்கா போகிறார்கள். நடப்பதும் எழுதுவதும் நிற்கவில்லை.

அதனால் என்ன பயன்? 2025 ஜனவரியில் சென்னையிலும் சுற்றுவட்டாரக் கடற்கரைகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடலாமைகள் செத்து ஒதுங்கின. "வருஷா வருஷம் ரெண்டு மூணு சாகத்தான் செய்யும், இதுல என்ன அதிசயம்?" என்று யாராவது சொல்லியிருந்தால் எப்படி மறுப்பது? பல வருஷத்துக் கணக்கு கையில் இருந்ததால்தான், இது வழக்கத்தை மீறியது என்று அன்றைக்கே உரக்கச் சொல்ல முடிந்தது. பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. கரைக்கு அருகே இழுவலை இழுக்கிற படகுகள் மீது கவனம் திரும்பியது. முப்பது வருஷத்துக்கு முன்னால், அரைக்கால் சட்டையோடு டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு நடந்த ஏதோ ஒரு மாணவன் எழுதிய வரிக்கு, முப்பது வருஷம் கழித்து வேலை வந்தது.

மூன்றாவது, நம் சிட்டுக்குருவி. செல்போன் கோபுரத்தால் சிட்டுக்குருவி அழிந்துவிட்டது என்று நாம் எல்லாருமே பேசியிருக்கிறோம். நானும் ஒரு பள்ளி விழாவில் பேசியிருக்கிறேன், கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். 2020இல் இந்தியப் பறவைகளின் நிலை என்றோர் அறிக்கை வந்தது. பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் நாடெங்கும் பதிவு செய்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட குறிப்புகளை வைத்து எழுதியது. அதன்படி, நாடு முழுவதையும் பார்த்தால் சிட்டுக்குருவி ஏறத்தாழ நிலையாகத்தான் இருக்கிறது. சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில்தான் மெல்லக் குறைந்து வருகிறது. கோபுரக் கதிர்வீச்சுதான் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை. குஞ்சுக்கு ஊட்டப் பூச்சி கிடைக்காததும், கூடு கட்டச் சந்து பொந்து இல்லாததும்தான் கவனிக்க வேண்டியவை.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், அந்தப் பதினைந்தாயிரம் பேரில் பெரும்பாலோர் விஞ்ஞானிகள் இல்லை. வங்கி ஊழியர், ஆசிரியர், இல்லத்தரசி, பள்ளிக்கூடப் பிள்ளை. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு என்று நடக்கிறது. கரும்பைக் கடித்துக்கொண்டே கால் மணி நேரம் கொல்லையில் நின்று பார்த்து எழுதினால் போதும். தப்பான எதிரியோடு சண்டை போட்டு நேரத்தை வீணாக்காமல் இருக்க இந்தக் கணக்கு உதவுகிறது. நோய் எதுவென்று தெரியாமல் மருந்து கொடுத்து என்ன பயன்?

மருந்து என்றதும் மரம் நடுவது ஞாபகம் வருகிறது. நம் சங்கமும் ஆண்டுதோறும் நடுகிறது, நல்லது. ஆனால் எல்லா இடத்திலும் நட்டால் நல்லதா? கிண்டியில் வெளிமான் இருக்கிறதே, பேரிலேயே வெளி இருக்கிறது. அதற்குத் திறந்த புல்வெளி வேண்டும். புல்வெளியில் மரம் வைத்தால் புள்ளிமானுக்கு வசதி, வெளிமானுக்கு வீடு போச்சு. 1990களில் கிண்டி மான்களை ஆராய்ந்தவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனித்து எழுதினார்கள். ஆய்வு இல்லாவிட்டால் அன்பு கூட ஆபத்தாகும்.

செடிகொடிக்கும் ஓர் உதாரணம். 1929இல் சென்னை அரசு அருங்காட்சியகம் வெளியிட்ட ஒரு புத்தகம், சென்னை நகரத்திலும் சுற்றுப்புறத்திலும் பூக்கிற செடிகளைப் பற்றியது. எழுதியவர் மயூரநாதன். 1994இல் அதே நிலப்பரப்பைப் பற்றி லிவிங்ஸ்டனும் ஹென்றியும் மறுபடியும் எழுதினார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இடையில் ஊருக்கு என்ன ஆனது என்று செடிகளே சொல்லும். முதல் புத்தகம் இல்லாவிட்டால் இரண்டாவதை எதோடு ஒப்பிடுவது? 1929இல் அதை எழுதியவருக்குத் தாம் யாருக்காக எழுதுகிறோம் என்று தெரிந்திருக்க நியாயமில்லை.

சரி, இப்போது நம் வீட்டுக்கு வருகிறேன். சொன்னேனே, அந்தக் கண்ணாடிப் பெட்டி.

புதிய அரங்கம் வரப்போகிற இடம் எது? ஹாஸ்டலுக்குப் பின்னால், குட்டையும் அதை ஒட்டிய புல்தரையும். உங்களில் பாதிப் பேர் அங்கே ஒளிந்து நின்று சிகரெட் பிடித்திருக்கிறீர்கள், இப்போது பெரிய மனிதராகிவிட்டீர்கள், பேர் சொல்லமாட்டேன். பரீட்சைக்கு முந்தின ராத்திரி தவளைச் சத்தத்தில் தூக்கம் வராமல் ஜன்னலைச் சாத்தியது ஞாபகம் இருக்கிறதா?

அந்தக் குட்டைக்கு ஒரு நோட்டுப் புத்தகம் உண்டு. எங்கள் விலங்கியல் சார், இன்று நம்மிடையே இல்லை, இரண்டாம் ஆண்டில் எங்களை ஐந்து ஐந்து பேராகப் பிரித்து, வாரம் ஒருநாள் காலை ஆறரை மணிக்கு அங்கே நிறுத்துவார். நான்கு இடம், இடத்துக்குப் பத்து நிமிஷம். பார்த்ததை எழுத வேண்டும். எதுவும் இல்லையென்றால் "எதுவும் இல்லை" என்று எழுத வேண்டும். ஒருநாள் நான் தூக்கக் கலக்கத்தில் போகாமல், போன வாரத்தையே பார்த்துக் காப்பி அடித்துவிட்டேன். சார் படித்துப் பார்த்தார். "முந்தாநாள் தோட்டக்காரத் தாத்தா குட்டையை வாரச் சொல்லித் தண்ணி இறைச்சாரே, உனக்கு மட்டும் முக்குளிப்பான் எங்கே முக்குளிச்சுது?" என்றார். வகுப்பே சிரித்தது. தாத்தாவிடம் கேட்காமல் சார் எதையும் எழுதமாட்டார். எந்த மரத்தில் எது கூடு கட்டும், சாரைப் பாம்பு எந்த மதில் ஓட்டையில் இருக்கும் என்று தாத்தாவுக்குத் தெரிந்தது எங்கள் யாருக்கும் தெரியாது.

அன்று சார் சொன்னதை நான் ஒழுங்காகக் காதில் வாங்கியிருந்தால், மே மாதத்து ஏரியில் அந்த வாக்கியத்தை எழுதியிருக்கமாட்டேன்.

காலையில் துறைத் தலைவர் அம்மாவிடம் கேட்டேன். "அந்த நோட்டெல்லாம் இருக்குதா மேடம்?" என்றேன். பழைய அலமாரியைத் திறந்து காட்டினார்கள். இருக்கிறது. கரையான் கொஞ்சம் சாப்பிட்டிருக்கிறது, மீதி இருக்கிறது. சாரின் பச்சை மசித் திருத்தங்கள் அப்படியே இருக்கின்றன. சார் ஓய்வு பெற்ற வருஷத்தோடு பதிவு நின்றுவிட்டது.

நண்பர்களே, நான் அரங்கத்துக்கு எதிரி இல்லை. நானும் நன்கொடை கொடுத்திருக்கிறேன், அதைத் திருப்பிக் கேட்கப் போவதும் இல்லை. நம் பிள்ளைகள் ஆயிரம் பேர் உட்கார ஓர் இடம் வேண்டும், அது நியாயம். என் வேண்டுகோள் ஒன்றுதான். அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்னால் ஒரு வருஷம் கொடுங்கள். ஒரு முழு வருஷம், ஒரு கோடை, ஒரு மழைக்காலம். சார் நிறுத்திய அதே நான்கு இடத்தில், அதே பத்து நிமிஷம், இன்றைய மாணவர்கள் நின்று எண்ணட்டும். பறவை மட்டும் போதாது. தவளையை ராத்திரியில் சத்தத்தை வைத்து எண்ணலாம். தட்டானை வெயில் ஏறிய பிறகு எண்ணலாம். தட்டான் குட்டையில் இடும் முட்டையிலிருந்து வருகிற புழுதான் கொசுப் புழுவைத் தின்கிறது, ஹாஸ்டல்வாசிகள் கவனிக்க. தாவரவியல் துறை செடிகளைப் பார்க்கட்டும். இயற்பியல் துறை, மழை பெய்த மறுநாள் குட்டையில் எத்தனை அடி நீர் ஏறுகிறது, எத்தனை நாளில் இறங்குகிறது என்று ஒரு கோல் நட்டு அளக்கட்டும். 2015 டிசம்பர் மழையில் ஹாஸ்டல் தரைத்தளத்தில் முழங்கால் தண்ணீர். அது வடிந்து போனது எங்கே? அந்தக் குட்டைக்குத்தான். அந்த இடத்தில் அரங்கம் வந்தால் அடுத்த தடவை தண்ணீர் எங்கே போகும் என்று நம் சிவில் இன்ஜினியர் நண்பர்கள் யாராவது கணக்குப் போட்டுச் சொல்லுங்கள்.

தமிழ்த் துறையும் இதில் வேண்டும். கண்டதையெல்லாம் நாலு பக்கத்தில் எளிய தமிழில் எழுதி, சங்கச் செயற்குழுவுக்கும் கல்லூரி நிர்வாகத்துக்கும் உள்ளாட்சி உறுப்பினருக்கும் கொடுக்க வேண்டும். முடிவெடுக்கிறவர் படிக்க முடியாத மொழியில் எழுதிய ஆராய்ச்சி, பரணில் ஏற்றிய பாத்திரம் மாதிரி.

ஒரு வருஷம் கழித்து என்ன தெரியும்? ஒருவேளை அங்கே காப்பாற்ற எதுவுமே மிச்சமில்லை என்று தெரியலாம். அப்படியானால் நானே வந்து முதல் செங்கல் வைக்கிறேன். ஒருவேளை கட்டடத்தை நாற்பது அடி வடக்கே தள்ளினால் குட்டையும் பிழைக்கும், அரங்கமும் வரும் என்று தெரியலாம். வடக்கே இருப்பது பழைய சைக்கிள் நிறுத்தம், அதற்காக யாரும் கண்ணீர் விடப் போவதில்லை. எது நடந்தாலும், தெரிந்து செய்தோம் என்று இருக்கும். "ஒரு வருஷத்துல சிமெண்ட் விலை ஏறிடுமே" என்று பொருளாளர் நினைப்பது எனக்கு இங்கேயே கேட்கிறது. ஏறும்தான். அந்த வித்தியாசத்தில் என் பங்கை நான் தருகிறேன். என் வகுப்பு நண்பர்களிடமும் வசூல் பண்ணித் தருகிறேன். அவர்கள் இப்போது தலையைக் குனிந்துகொள்வதைப் பார்த்தால் சம்மதம் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டாம். ஒரு நோட்டு, ஒரு பென்சில், கையில் கடிகாரம், முடிந்தால் ஒரு தொலைநோக்கி. தொலைநோக்கி நான்கை நான் இன்று துறையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். பேர் தெரியாத பறவையைப் பார்த்தால் வெட்கப்படாமல் "தெரியவில்லை" என்று எழுதி, படம் வரைந்து வையுங்கள். பார்க்காததை எழுதாதீர்கள், பார்த்ததை விடாதீர்கள். தோட்டத்தில் இப்போது வேலை செய்கிற அம்மாவிடம் கேளுங்கள், நம்மை விட அவருக்கு அதிகம் தெரியும். அவர் பேரையும் நோட்டில் எழுதுங்கள்.

நேரம் ஆகிவிட்டது, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஊருக்குப் போகிற ரயில் எனக்கு மதியம்தான். காலை ஆறரை மணிக்குக் குட்டைக் கரையில், சார் எங்களை நிறுத்திய முதல் இடத்தில், பெரிய புங்கமரத்தடியில் நான் இருப்பேன். அந்தப் பழைய நோட்டையும் துறைத் தலைவர் அனுமதியோடு எடுத்து வருகிறேன். அதில் சார் எழுதிய கடைசி வரிக்கு அடுத்த வரி காலியாக இருக்கிறது. வர விருப்பமுள்ளவர்கள் வாருங்கள். காபி நான் வாங்கித் தருகிறேன்.